வலது பக்கம் ஓடிய மான்

பேய், பிசாசு, ஆவி, செய்வினை என்று யாராவது ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போகிற ஆள் நான். குரோம்பேட்டையில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன், நாள் முழுக்க என் கையில் புழங்குவது இரும்பும் கிரீஸும்தான், கையில் பிடித்துப் பார்க்க முடியாத எதையும் நான் நம்பியதே இல்லை. என் மனைவி ஸ்டெல்லா சர்ச்சுக்குக் கூப்பிட்டால்கூட வாசல் வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு நிற்பேன். குடிப்பழக்கம் கிடையாது, தூக்கத்தில் உளறுகிற வழக்கமும் கிடையாது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் சொல்லி முடித்ததும் நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பீர்கள், அதற்கு முன்னாலேயே சொல்லி வைத்துவிட்டால் எனக்கு ஒரு திருப்தி.

இன்னொன்று. இது ராத்திரியில் நடக்கவில்லை. அமாவாசை, சுடுகாடு, மல்லிகைப்பூ வாசனை, அந்த சமாச்சாரம் எதுவும் கிடையாது. தை மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் எலெக்ட்ரிக் ட்ரெயின் போய்க்கொண்டிருந்தது. எவனோ ஒருவன் வண்டியில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு கல் உப்பு, கோலமாவு என்று கத்தவிட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தான். அப்படிப்பட்ட நேரம்.

இடம் தாம்பரத்துக்கும் எங்கள் பீர்க்கன்கரணைக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வளாகம், சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் மதில், மதில் மேல் முள்கம்பி. யாருடையது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். உள்ளே பாதிக்கு மேல் புதர்க்காடு, காரை, சூரை, களாச்செடி, நடுநடுவே பனை, ஒரு பழைய கல்குவாரிப் பள்ளம். அதில் புள்ளிமான்கள் இருக்கின்றன. வெளியே ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் ஹாரன் காது கிழியும், உள்ளே மான் மேயும், நம் ஊர் அப்படித்தான். எத்தனை மான் இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை பொதுமக்களில் விருப்பம் உள்ளவர்களை வைத்துக் கணக்கெடுப்பார்கள். ஸ்டெல்லா அதில் சேர்ந்திருந்தாள். அவள் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன், வாரம் ஆறு நாள் ஊசியும் ரத்தமுமாக இருக்கிறவள், ஏழாவது நாள் மானைப் பார்க்க வேண்டும் என்றால் எனக்கு என்ன ஆட்சேபம். கொண்டுபோய் விடுவேன், கூட்டிக்கொண்டு வருவேன். மானைப் பற்றி எனக்குத் தனிப்பட்ட முறையில் எந்தக் கருத்தும் இல்லாமல்தான் இருந்தது.

கருத்து வந்தது அதற்கு முந்தின வாரம். பயிற்சி என்று ஸ்டெல்லா போயிருந்தாள், கூட்டிக்கொண்டு வரப் போன நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே சுவர் ஓரமாக நாய்கள் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் தெருநாய்கள் கூட்டமாக ஒரு பெண் மானைச் சுவர் மூலையில் மடக்கியிருந்தன. நாய் மானைக் கொன்றுவிட்டுத் தின்னும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. நின்ற நிலையிலேயே பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டன. ஒரு நாய் தொடைச் சதையைப் பிடித்து உதறுகிறது, இன்னொன்று வயிற்றுக்கு அடியில் தலையை விட்டு எதையோ இழுக்கிறது, மான் சத்தமே போடாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதன் கண்ணில் நான் தெரிந்தேனா என்று தெரியாது, ஆனால் என்னைத்தான் பார்த்தது. எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அங்கே கிடந்த இரும்புப் பைப்பை எடுத்துக்கொண்டு போய் முதல் அடியிலேயே ஒரு நாயின் முதுகை முறித்தேன். இரண்டாவதன் மண்டையில் விழுந்தது. மூன்றாவது என் கால் பேண்ட்டைப் பிடித்தது, அதை எத்தனை முறை அடித்தேன் என்று எனக்குத் தெரியாது, ஸ்டெல்லா வந்து பின்னால் இருந்து கட்டிப்பிடித்து இழுத்ததுதான் ஞாபகம். மான் அதற்குள் செத்துப்போயிருந்தது.

நாயை அடித்தது தப்பு என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். அன்று அங்கே நின்றிருந்தால் நீங்களும் அடித்திருப்பீர்கள்.

இந்தக் கணக்கெடுப்பை நடத்துகிற பெண்ணின் பெயர் நித்யா, ஐடி கம்பெனியில் வேலை, சின்ன வயது, நல்ல பொறுமைசாலி. பைப்போடு நின்ற என்னைப் பார்த்துவிட்டு அவள் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, அடுத்த வாரம் நீங்களும் வரிசையில வர்றீங்களா? எங்களுக்கு ஆள் பத்தல. ஆனா பைப் வேண்டாம்" என்றாள்.

"எனக்கு மான் எண்ணல்லாம் தெரியாதும்மா."

"வலது கை எதுன்னு தெரியும்ல? அது போதும்."

அவள் சொன்ன முறை இதுதான், இது புரிந்தால்தான் பின்னால் நான் சொல்வது புரியும். ஆட்கள் பக்கவாட்டில் ஒரே வரிசையாக நிற்க வேண்டும், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் கூப்பிட்டால் கேட்கிற தூரம். எல்லோரும் ஒரே வேகத்தில் காட்டுக்குள் சத்தமில்லாமல் முன்னால் நடக்க வேண்டும். மனிதர்கள் வருவதைப் பார்த்து மான்கள் முதலில் முன்னால் ஓடும், அப்புறம் மதில் தடுக்கும்போது திரும்பி, வரிசைக்கு நடுவில் புகுந்து பின்பக்கம் ஓடும். அப்படிப் புகுந்து ஓடுகிறதை எண்ண வேண்டும். ஆனால் ஒவ்வொருவரும் தனக்கு வலது பக்கம் ஓடுகிறதை மட்டும்தான் எண்ண வேண்டும்.

"இடது பக்கம் ஓடுச்சுன்னா அது உங்க இடது பக்கத்து ஆளோட கணக்கு. நீங்க தொடக்கூடாது. ரெண்டு பேரும் எண்ணிட்டா ஒரு மான் ரெண்டு மான் ஆயிடும். அதனால கண்ணு எப்பவும் வலது பக்கம்தான் இருக்கணும், உங்களுக்கு அடுத்து நிக்கிறவங்க மேல. என்ன நடந்தாலும் சரி" என்றாள்.

வரிசையின் இடது கோடியில் என்னை நிறுத்தினாள். எனக்கு முட்டி வலி உண்டு, அந்தக் கோடியில் ஒற்றையடிப் பாதை இருந்ததால் நடக்கச் சுலபம். பாதையில் கொஞ்சம் பின்னால் ஒரு வனக்காவலர் பைக்கில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வலது பக்கம் ஸ்டெல்லா. அவளுக்கு வலது பக்கம் நித்யா. அவளுக்கு அடுத்து ராகவன் சார் என்று பேங்கில் ரிட்டயர் ஆனவர். அப்படியே போய் வலது கோடியில், மதில் ஓரமாக, பதினோராவது ஆளாக ஆட்டோ ஓட்டுகிற குமார். பெருங்களத்தூர் ஸ்டாண்டில் இருக்கிறவன், மான் கறி விற்கிறவன் ஒருவனை ஒரு தடவை ஆட்டோவோடு கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் விட்டவன் என்று சொல்வார்கள். குமாருக்கு வலது பக்கம் யாரும் இல்லை. சுவர்தான்.

நடக்க ஆரம்பித்தோம். உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஸ்டெல்லா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு முள்ளை விலக்கி விலக்கிப் போகிறாள், நான் அவளையே பார்த்துக்கொண்டு நடக்கிறேன், கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவளை அவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்ததே இல்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர், அவளுக்கு ஒரு தலைவலி என்றால் எனக்குக் கடையில் கை ஓடாது. அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை, அது வேறு விஷயம்.

முதலில் மூன்று மான் ஓடின, எண்ணினேன். அப்புறம் ஒரு குட்டியும் தாயும். அப்புறம் புதர் முடிந்து பழைய குவாரியின் பாறை வெளிக்கு வந்தோம். செடி கொடி எதுவும் இல்லாத வெட்டவெளி. இங்கே வந்ததும் எனக்கு மொத்த வரிசையும் தெரிந்தது, நான் கோடியில் நிற்பதால் ஸ்டெல்லாவிலிருந்து குமார் வரைக்கும் எல்லோருடைய பின்னந்தலையும் தெரிந்தது. எல்லோரும் வலது பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுதானே விதி.

அப்போது எதிரே நாய்கள் குரைத்தன. போன வாரத்துக் கூட்டம்தான், மிச்சம் இருந்தவை. அவை துரத்திக்கொண்டு வந்தது ஒரு ஆண் மான். பெரிய கொம்பு, நல்ல கனமான உடம்பு. கழுத்தில் எவனோ வேட்டைக்கு வைத்த கம்பிச் சுருக்கு இறுகி, சதைக்குள் போய், அதைச் சுற்றிப் புண் வைத்து அழுகியிருந்தது. அந்தக் கம்பியை எனக்குத் தெரியும், என் கடையில் தினமும் விற்கிற சாமான், பைக் கிளட்ச் கேபிளின் உள்கம்பி, நுனியில் ஈயக் குண்டு தொங்கியது. அந்தக் குண்டு தெரிகிற அளவுக்குப் பக்கத்தில் வந்தது என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு நாய் அதன் பின்னங்காலைப் பிடித்தது. மான் ஓடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பியது. தலையைத் தாழ்த்தி நாயின் வயிற்றில் கொம்பை விட்டு அப்படியே வாரித் தூக்கி எறிந்தது, நாய் விழும்போது அதன் குடல் தனியாக விழுந்தது. இன்னொரு நாயைப் பாறையோடு வைத்துக் குத்தியது, குத்திக்கொண்டே இருந்தது, நாய் சத்தம் அடங்கிய பிறகும் குத்தியது. மற்றவை வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டன. மான் எங்கள் பக்கம் திரும்பியது.

அசையக்கூடாது என்று நித்யா சொல்லியிருந்தாள். அசையாமல்தான் நின்றோம். மான் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் நடுவில் வந்தது, என் கணக்கில் வருகிற மான், எனக்கு வலது பக்கம். தாண்டிப் போய்விடும் என்றுதான் நினைத்தேன். அது ஸ்டெல்லாவைக் குத்தியது.

தொடை இடுக்கில் கொம்பு ஏறியது. சிமெண்ட் மூட்டையைக் கொக்கியில் மாட்டித் தூக்குகிற மாதிரி அவளைத் தூக்கியது, அவள் கால் தரையை விட்டு எழும்பியது, மான் தலையை உதறியது, அவள் விழவில்லை, இரண்டாவது முறை உதறியபோதுதான் சதை கிழிந்து விழுந்தாள். ஓடினேன். என் முட்டி வலி எங்கே போனதோ, ஓடிப் போய் அவள் பக்கத்தில் விழுந்து இரண்டு கையாலும் தொடையை அழுத்தினேன். ரத்தம் கசியவில்லை, அடித்தது. என் விரல் இடுக்கில் சூடாக, விட்டு விட்டு, இதயம் துடிக்கிற கணக்கில் அடித்தது. கைக்குட்டையைச் சுருட்டி உள்ளே திணித்தேன், என் விரல் எலும்பில் இடித்தது. "ஸ்டெல்லா, ஸ்டெல்லா, இங்க பாரு, என்னப் பாரு" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கீழே கிடந்தபடியே முகத்தை வலது பக்கம் திருப்பி வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சாகப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தச் சர்ச்சுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டு நின்றேனோ அந்த ஆண்டவரை அப்போது கூப்பிட்டேன். என்னை எடுத்துக்கொள், இவளை விட்டுவிடு என்று வாய்விட்டே சொன்னேன். நெருக்கடியில் எல்லோரும் சொல்கிற பேச்சுதான், பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ட்ரெயின் ஹாரன் அடித்தது. நான் அழுத்திக்கொண்டிருந்தது பாறையை.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் கைக்குக் கீழே ஸ்டெல்லா இல்லை. நான் பாறையில் மண்டியிட்டுக்கொண்டு வெறும் கல்லை அழுத்திக்கொண்டிருந்தேன், என் கை இரண்டும் முழங்கை வரைக்கும் ரத்தம். நிமிர்ந்து பார்த்தால் ஸ்டெல்லா கொஞ்சம் தள்ளி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரையில் மண்டியிட்டு எதையோ இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். "நித்யா, நித்யா" என்று அழுதாள். அவளுக்கு அந்தப் பக்கம் நித்யா அதே மாதிரி மண்டியிட்டு "சார், கண்ண மூடாதீங்க சார்" என்று ராகவன் சாரைக் கூப்பிட்டாள். ராகவன் சார் அவருக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வரிசை முழுக்க அப்படித்தான், எல்லோரும் மண்டி போட்டிருந்தார்கள், எல்லோருடைய முதுகும் எனக்குத் தெரிந்தது, எல்லோரும் தனக்கு வலது பக்கத்து ஆளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு தரையை அழுத்திக்கொண்டிருந்தார்கள். வலது கோடியில் குமாரும் மண்டி போட்டிருந்தான். அவனுக்கு வலது பக்கம்தான் யாருமே இல்லையே, அவன் யார் பெயரைச் சொன்னான் என்று எனக்கு அவ்வளவு தூரத்தில் கேட்கவில்லை.

அப்புறம் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். ஸ்டெல்லா திரும்பி என்னைப் பார்த்தாள், நான் போய் அவள் தொடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், பத்துப் பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லை. ஒரு கீறல் இல்லை. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லோர் கையிலும் ரத்தம் மட்டும் இருந்தது. ஓடிவந்த வனக்காவலர் நாங்கள் எல்லோரும் ஏதோ கூட்டு ஜெபம் செய்கிறோம் என்று நினைத்தாராம். அவர் மானைப் பார்க்கவில்லை. கேட் பூட்டியிருந்தது, மதில் உயரம், எல்லோரும் சேர்ந்து அந்த வளாகம் முழுக்கச் சலித்துப் பார்த்துவிட்டோம், கம்பி மாட்டிய மான் எங்கேயும் இல்லை. ஆனால் இரண்டு நாயும் செத்துத்தான் கிடந்தன, வயிறு கிழிந்து.

மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். ஒவ்வொருவரும் ஒரே கதையைச் சொன்னார்கள். மான் எனக்கு வலது பக்கம் வந்தது, எனக்கு அடுத்து நின்றவரைக் குத்தியது, நான்தான் ஓடிப் போய் ரத்தத்தை அடைத்தேன். ராகவன் சாருக்கு அந்த நிலைமையிலும் பேங்க் புத்தி போகவில்லை.

"ஏம்மா நித்யா, அந்த மானை கணக்குல எத்தனைன்னு போடுவ? ஒண்ணா, பதினொண்ணா?"

நித்யா அழுதுகொண்டிருந்தாள். குமார் மட்டும் எங்களோடு உட்காரவில்லை, தூரத்தில் பனியனோடு நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தான். "நீ யாரப் பாத்த குமார்?" என்று கூப்பிட்டுக் கேட்டேன். கேட்காத மாதிரி ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஸ்டெல்லா என்னைக் கை கழுவ விடவில்லை. "இருங்க, அப்படியே லேபுக்குப் போலாம். இது யார் ரத்தம்னு தெரிஞ்சிக்காம எனக்குத் தூக்கம் வராது" என்றாள். மான் ரத்தமாக இருக்கும் என்றேன். "இருந்தா சந்தோஷம்" என்றாள். என் கையிலிருந்தும் அவள் கையிலிருந்தும் எடுத்துக்கொண்டாள், நித்யாவின் கர்ச்சீப்பும் அவளிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, லேபில் வேறு யாரும் இல்லை, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"மான் ரத்தம் இல்லங்க."

"அப்போ உன்னோடதா?"

"இல்ல. என் குரூப் இல்ல. நித்யா குரூப்பும் இல்ல. மூணு சாம்பிளும் ஒரே ஆளோடது மாதிரி இருக்கு."

"யாரு?"

"அதெல்லாம் எனக்கு எப்படிங்க தெரியும்? சாம்பிள் கெட்டுப்போச்சு. வாங்க வீட்டுக்குப் போலாம், பசிக்குது" என்றாள்.

எனக்கு அது போதும். அவள் ரத்தம் இல்லை, அவ்வளவுதான் எனக்கு வேண்டும். ஏதோ வெயில், பயம், பதினோரு பேருக்கும் ஒரே நேரத்தில் மூளை பிசகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையில் ரத்தம் எப்படி வந்தது என்று யோசிக்கவில்லை, யோசிக்க விருப்பமும் இல்லை. அதற்கப்புறம் சில மாதங்கள் நான் ரொம்ப நல்ல புருஷனாக இருந்தேன். கடையைச் சீக்கிரம் சாத்தினேன். சர்ச்சுக்கு உள்ளேகூடப் போனேன், கடைசி பெஞ்சில்தான்.

ஆனால் குமார் என்னைப் பார்த்தாலே ஓடினான். சவாரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவான். ஒருநாள் பெருங்களத்தூர் பிரிட்ஜுக்குக் கீழே டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டான். நான் பைக்கை அவன் ஆட்டோவுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினேன். அவன் தப்பிக்கப் பார்த்தான், சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்து ஆட்டோ மேலேயே சாத்தினேன். அவன் தலை கம்பியில் இடித்து நெற்றியில் ரத்தம் வந்தது. என் கோபத்தைப் பற்றித்தான் முன்னாலேயே உங்களுக்குத் தெரியுமே.

"இன்னா சார் நீ, உட்ரு சார். நா ஒண்ணியும் பாக்கல" என்றான்.

"பாத்த. எல்லாரும் பாத்தாங்க. உனக்கு வலது பக்கம் யாரு இருந்தா? சொல்லு, இல்லன்னா விடமாட்டேன்."

அவன் என் தாடையைப் பார்த்தான். பின்னால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள்.

"நீதான் சார்" என்றான்.

"நான் அந்தக் கோடியில நின்னேன்டா."

"தெரியும் சார். நீ அந்தாண்ட கோடில நின்னுகினு கீற, அதும் தெரியுது. எனக்கும் செவுத்துக்கும் நடுவுல நீ கீற, அதும் தெரியுது. மானு உன்னத்தான் குத்திச்சு. நான் ஓடியாந்து அமுக்கினேன். தாடி நெறைய வெச்சுகினு இருந்த, பாதி நரைச்சு. ஆனா நீதான், எனக்கு தெரியாதா."

அவன் காலரை விட்டேன். எனக்குத் தாடி கிடையாது, இருந்ததும் இல்லை.

"அதான் எல்லாருக்கும் அப்படித்தானே. நாங்களும் அமுக்கினோம், அப்புறம் ஆளக் காணோம்" என்றேன்.

குமார் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"அவங்க ஆளுங்கோ காணாம போச்சு சார். கீய மண்ணுதான் இருந்துச்சுன்னு நீங்க அல்லாரும் சொன்னீங்கோ. நீ போவல சார். ரத்தம் நின்னுடுச்சு, மூச்சும் நின்னுடுச்சு, அப்பவும் நீ அங்கியே கெடந்த. கண்ணு தொறந்துகினு இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல, என் காக்கிச் சட்டையக் கயட்டி மூஞ்ச மூடிட்டு எய்ந்தேன். நிமிந்தா நீ அந்தக் கோடில உன் வூட்டுக்காரம்மா காலத் தொட்டுத் தொட்டுப் பாத்துகினு இருக்க. நா இன்னா பண்ணுவேன் சொல்லு. வந்துட்டேன். அப்பறம் அல்லாரும் போய் தேடினோமே, அங்க சட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவன் நெற்றி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். போகும்போது, "சார், அந்தப் பக்கமே போவாத சார். என்ன பேஜார்ல மாட்டி உட்டுட்ட போ" என்றான்.

அன்றிலிருந்து நான் தினமும் ஷேவ் செய்கிறேன். ஜுரத்தில் படுத்திருந்தபோதும் கட்டிலில் உட்கார்ந்து ஷேவ் செய்தேன். ஸ்டெல்லா கேட்கவில்லை, ஏன் என்று. குமார் சொன்னதை நான் அவளிடம் சொல்லவும் இல்லை. அவள் பயந்துவிடுவாள் என்று பார்த்தேன்.

நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒருநாள் காலையில் செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்று கடையிலிருந்து திரும்பி வந்தேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. ஸ்டெல்லா சமையலறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள், நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"அண்ணா, ஸ்டெல்லா பேசறேன். ஊர்லதான இருக்கீங்க? இந்த வாரம் வெளியூர் எதுவும் போகலயே? சரிண்ணா. இல்லண்ணா, இப்போ தேவை இல்ல, சும்மா கேட்டேன்."

வைத்துவிட்டு இன்னொருவருக்குப் போட்டாள். அதே கேள்விகள். அப்புறம் இன்னொருவர், ஒரு பெண், "அக்கா, மாத்திரை எதுவும் சாப்பிடலயே, குடுக்கற மாதிரிதான இருக்கீங்க?" என்று கேட்டாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஒவ்வொருவரிடமும் பி நெகட்டிவ், பி நெகட்டிவ் என்றுதான் பேசினாள். அது கிடைப்பது கஷ்டமான குரூப். என் குரூப். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள்தான் டெஸ்ட் செய்து எனக்குச் சொன்னது.

அப்படியென்றால் அன்று லேபிலிருந்து முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கையில், என் கையில், நித்யா கர்ச்சீப்பில், எல்லாவற்றிலும் இருந்தது யார் ரத்தம் என்று தெரிந்துகொண்டுதான் பசிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். சத்தம் போடாமல் வெளியே போய்விடலாம் என்று திரும்பினேன்.

அப்போது கடைசியாக ஒருவரிடம் பேசினாள். சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கிறவர் போலிருக்கிறது. எவ்வளவு நேரத்தில் வர முடியும் என்று கேட்டாள். அவர் ஏதோ சொன்னார்.

"அரை மணி நேரம்லாம் தாங்காதுண்ணா" என்றாள்.